அறுநூத்தி அறுபத்தாறும் எட்டேகாலும்

பைபிளைக் கடைசியிலிருந்து படிக்க ஆரம்பிப்பவர்கள் இரண்டு வகை. துப்பறியும் நாவலையே அப்படிப் படித்துப் பழகியவர்கள் ஒரு வகை. பயந்து போனவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. பயந்து போன ஒருவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தினமும் ஆபீஸ் போகிறவன்.

அந்தக் கடைசிப் புத்தகத்துக்கு ‘வெளிப்படுத்தின விசேஷம்’ என்று பெயர். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ‘திருவெளிப்பாடு’. மொத்தம் 22 அதிகாரம்தான். உரக்கப் படித்தால்கூட ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் உள்ளே நுழைந்தால், ஏழு தலையும் பத்துக் கொம்புமாகக் கடலிலிருந்து ஒரு மிருகம் எழுந்து வருகிறது. ஆளுக்கொரு நிறத்தில் நாலு குதிரைகள் பாய்கின்றன. மனுஷ முகம், பெண்பிள்ளைக் கூந்தல், சிங்கப் பல், தேள் வால் எல்லாம் வைத்த வெட்டுக்கிளிகள் கிளம்புகின்றன. விட்டலாச்சார்யா பிச்சை வாங்க வேண்டும்!

என் நெற்றியில் தினமும் மூன்று பட்டை உண்டு. எங்கள் அரிமளத்தில் சுந்தர சுவாமிகள் அதிஷ்டானத்துக்குப் போய்விட்டு பஸ் ஏறுகிற ஆசாமி. எனக்கும் இந்தப் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பக்கத்து சீட்டு அண்ணன் புதுக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறார். ஞாயிறு தவறாமல் சர்ச். பதினொரு வருஷ பஸ் சிநேகிதம். அவருக்குக் காலணா கடன் கிடையாது, சிகரெட் கிடையாது. கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால் ராத்திரி தூங்க மாட்டார். போன வருஷம் ஒரு நாள், பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தவர் திடீரென்று, “தம்பி, பேங்க் கணக்கை மூடிடலாம்னு இருக்கேன்” என்றார்.

யாரோ அவர் கையில் ஒரு பிரசுரம் கொடுத்திருக்கிறார்கள். மிருகத்தின் முத்திரை கையிலோ நெற்றியிலோ இல்லாதவனுக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது என்று பதின்மூன்றாம் அதிகாரத்தில் வருகிறதாம். மிருகத்தின் எண் 666. அந்த முத்திரைதான் ஆதார் என்பது பிரசுரம் போட்டவர் கண்டுபிடிப்பு. கடைசிப் பக்கத்தில் உலகம் முடிகிற வருஷமும் போட்டிருந்தது.

அவரோடு போய்விட்டால் பரவாயில்லை. மகள் அரசுப் பள்ளியில் படித்து, பிளஸ் டூ-வில் நல்ல மார்க். காலேஜில் சேர்ந்தால், 2022-ல் ஆரம்பித்த புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். அதற்கு ஆதார் வேண்டும், பேங்க் கணக்கு வேண்டும். அண்ணன் இரண்டுக்கும் ‘நோ’. காலேஜே எதுக்கு, இன்னும் எத்தனை நாளைக்கு என்கிற ரீதியில் பேச்சு போய்க்கொண்டிருந்தது. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி பன்னிரண்டு நாளில்.

அந்தப் பெண் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டது. “சித்தப்பா, அப்பாகிட்ட நீங்க பேசுங்க. நீங்க சொன்னா கேப்பார்.”

நான் என்னத்தைச் சொல்வது? பட்டை போட்டவன் போய், ‘அண்ணே, உங்க வேதத்துல இருக்கறது தப்பு’ என்று சொன்னால் பதினொரு வருஷ சிநேகிதம் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடும். அதோடு, படிக்காத புத்தகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல நான் என்ன சினிமா விமர்சகனா? எனவே படித்தேன். புத்தகத்தையும், அதைப் பற்றிப் படித்தவர்கள் எழுதியதையும்.

முதல் விஷயம், இது ஒரு லெட்டர். அட்ரஸ் போட்ட லெட்டர். எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா என்று ஏழு ஊர். எல்லாம் இன்றைய துருக்கி நாட்டில் இருக்கின்றன. மேப்பை வைத்து விரலால் கோடு போட்டால், எபேசுவில் கிளம்பி வடக்கே போய், திரும்பித் தென்கிழக்காக இறங்கி வருகிற பாதை, சொன்ன வரிசையிலேயே வருகிறது. தபால்காரன் ரூட்! எழுதியவர் யோவான். பத்மு என்ற சின்னத் தீவிலிருந்து எழுதுகிறார். காலம் கி.பி. 95 வாக்கில், ரோமாபுரியில் டொமிஷியன் சக்கரவர்த்தியாக இருந்தபோது என்று பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

லெட்டரில் உள்ளூர் சமாசாரம் கொட்டிக் கிடக்கிறது. லவோதிக்கேயா ஊர்க்காரர்களை, நீங்கள் சூடும் இல்லை குளிர்ச்சியும் இல்லை, வெதுவெதுப்பு என்று திட்டுகிறார். நானும் ஏதோ பக்தி சமாசாரம் என்றுதான் நினைத்தேன். அந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஊர் வெந்நீர் ஊற்றுக்குப் பேர் போனது. இன்னொரு பக்கத்து ஊரில் சில்லென்ற நல்ல தண்ணீர். லவோதிக்கேயாவுக்கோ கல் குழாயில் தூரத்திலிருந்து வரும் தண்ணீர். சுண்ணாம்பு படிந்த அந்தக் குழாய்கள் இன்றும் கிடக்கின்றன. ஆக, ஊர்த் தண்ணியை வைத்தே கிண்டல்! உப்புத் தண்ணி ஊரில் பெண் எடுத்தவனை நம் ஆட்கள் என்ன பாடு படுத்துவார்கள், அந்த மாதிரி. இன்னொருவர் வீட்டுக்கு வந்த லெட்டரை இரண்டாயிரம் வருஷம் கழித்து நாம் பிரித்துப் படித்துவிட்டு, ‘ஐயோ, என்னையே எழுதியிருக்கிறதே’ என்று அலறினால் எப்படி?

இதைச் சொன்னதும் அண்ணன், “அதெல்லாம் முதல் மூணு அதிகாரம். மிருகம் வர்றது பதிமூணுல” என்று ஒரே போடாகப் போட்டார்.

சரி, மிருகத்துக்கே வருவோம். பதினேழாம் அதிகாரத்தில் ஒரு பெண் அந்த மிருகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். ஏழு தலையும் ஏழு மலை, அவள் ஒரு மாநகரம் என்று யோவானே விளக்கமும் சொல்லிவிடுகிறார். நான் அண்ணனிடம் கேட்டேன்: “அண்ணே, ஏழுமலைன்னா யாரு?”

“இது என்ன கேள்வி? திருப்பதி.”

“யோசிச்சீங்களா?”

“இதுக்கு எதுக்கு யோசிக்கணும்?”

அதேதான். அந்த ஏழு ஊர்க்காரர்களுக்கு ஏழு மலை என்றால் ரோம். யோசிக்கவே வேண்டாம். கி.பி. 71-ல் வெஸ்பாசியன் சக்கரவர்த்தி விட்ட ஒரு காசில் ரோமாபுரி தேவி ஏழு குன்றின் மேல் உட்கார்ந்திருப்பாள். அந்தப் படம் அவர்கள் மடியிலேயே கிடந்தது. அப்புறம் ஏன் ‘பாபிலோன்’ என்று மாற்றுப் பெயர்? பழைய பாபிலோன் ஒரு காலத்தில் எருசலேம் கோயிலை இடித்தது. கி.பி. 70-ல் ரோம் மறுபடி இடித்தது. நேராகப் பெயர் சொன்னால் கழுத்து போய்விடும், ஐயா.

இந்த 666 சமாசாரமும் அப்படித்தான். தமிழ் படித்தவனுக்கு இது ஒரு விஷயமே இல்லை. எட்டையும் காலையும் வைத்து அவ்வையார் ஒரு புலவரைத் திட்டியதாகத் தனிப்பாடல் ஒன்று உண்டே, ஞாபகம் இருக்கிறதா? தமிழ் எண்ணில் எட்டு என்றால் ‘அ’, கால் என்றால் ‘வ’. சேர்த்தால் ‘அவ’. மீதியை லட்சணத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டியது. தமிழ் வாத்தியார் சொல்லும்போது வகுப்பே சிரிக்கும். பழைய கால யூதர்களுக்கும் எழுத்தே எண். ‘நீரோன் கேசர்’, அதாவது நீரோ சக்கரவர்த்தி, என்பதை எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 50, 200, 6, 50. அப்புறம் 100, 60, 200. அண்ணன் கணக்குப் பிள்ளை அல்லவா? நான் பேப்பர் எடுப்பதற்குள் வாயாலேயே கூட்டி, “அறுநூத்தி அறுபத்தாறு” என்றார். சொல்லிவிட்டு இன்னொரு தடவை கீழிருந்து மேலாகக் கூட்டினார்.

இன்னும் ஒரு வேடிக்கை. எகிப்தில் கிடைத்த பழைய ஏட்டுத் துண்டு ஒன்றில் 666-க்குப் பதில் 616 இருக்கிறது. லத்தீன்காரர்கள் ‘நீரோன்’ என்பதை ‘நீரோ’ என்பார்கள். கடைசி எழுத்து போச்சு. அதன் மதிப்பு 50. கழித்துப் பாருங்கள். பெரும்பாலான அறிஞர்கள் நீரோதான் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீரோ கி.பி. 68-ல் தற்கொலை செய்துகொண்டான். ஆனால் சாகவில்லை, திரும்பி வருவான் என்று ஜனங்களிடம் வதந்தி. ‘நானே நீரோ’ என்று போலிகள்கூடக் கிளம்பினார்கள். அந்த மிருகத்தின் ஒரு தலையில் சாவுக் காயம் பட்டு ஆறிப்போனதாக வருகிறதே, அது இந்த வதந்தியின் நிழல்.

இப்போது நம்ம ஊர் சமாசாரம் ஒன்று. 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில், ஆலங்குடிப் பக்கம் கருக்காக்குறிச்சியில், ஒரு புதையல் கிடைத்தது. ரோமானியத் தங்கக் காசு, 501. அகஸ்டஸிலிருந்து வெஸ்பாசியன் வரை. நீரோ தலை போட்டதும் அதில் உண்டு! முத்துக்கும் தந்தத்துக்கும் வாசனைச் சாமானுக்கும் விலையாக வந்த தங்கம். வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று பிளினி அங்கே புலம்பியிருக்கிறார். அந்த 501-ல் பெரும்பாலான காசுகளில், சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. செல்லாக்காசு ஆக்குவதற்காக வெட்டினார்களாம், உள்ளே தங்கம்தானா என்று சோதிக்க வெட்டினார்களாம். எதற்கோ வெட்டினார்கள். யோவான் பார்த்த மிருகத்தின் தலைக் காயம் எங்கள் ஜில்லாவிலேயே கிடந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு லேசாகப் புல்லரித்தது. அண்ணனுக்கு என்னைவிட அதிகமாக.

காசு என்பது அங்கே சாதாரண விஷயம் இல்லை. முகம் போட்டவன் கடவுள். பெர்கமு ஊரில் கி.மு. 29-லேயே அகஸ்டஸுக்குக் கோயில் எழுப்ப அனுமதி வாங்கிவிட்டார்கள். தொழிற்சங்கத்து விருந்துக்குப் போனால் தெய்வத்துக்குப் படைத்த இறைச்சி. போகாவிட்டால் அடுத்த நாள் யாரும் உங்களிடம் தோல் வாங்க மாட்டான், சாயம் விற்க மாட்டான். முத்திரை இல்லாதவனுக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை என்று யோவான் எழுதியது இந்த நெருக்கடியைத்தான். (எங்கள் ஆபீஸில் ஆயுத பூஜை வசூல் நோட்டு வரும்போது, கிறிஸ்தவ நண்பர் ஒருவர் பேனாவை வைத்துக்கொண்டு அரை நிமிஷம் தயங்குவார். நான் அதுவரை அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன்.)

புதுக்கோட்டை சமஸ்தானத்திலும் சொந்தக் காசு இருந்தது. அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் ‘விஜய’ என்று எழுத்து. 320 காசு சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். ராஜாவுக்குப் பட்டம் ‘பிரகதாம்பாள் தாஸ்’, அம்மனுக்கு அடிமை. எங்கள் ராஜா தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொள்ளவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் சீமைப் பெருமை உண்டு.

இத்தனை சொல்லியும் அண்ணன் முழுசாக இறங்கி வரவில்லை. “நீரோவா இருந்துட்டுப் போகட்டும் தம்பி. மறுபடி ஒருத்தன் வரமாட்டான்னு என்ன நிச்சயம்? நெத்தியில முத்திரைன்னு இருக்கே?”

நியாயமான கேள்வி. நாளோ ஏழு கழிந்துவிட்டது. எனக்குத் தோன்றியது ஒன்றுதான். ஆரம்பத்திலேயே யோவான், இதைப் படிக்கிறவரும் கேட்கிறவர்களும் பாக்கியசாலிகள் என்கிற மாதிரி சொல்லுவார். படிக்கிறவர் ஒருத்தர், கேட்கிறவர்கள் பல பேர். எழுத்துத் தெரிந்தவர் குறைவான காலம். நம் ஊரில் கோயிலில் பாரதம் படிப்பார்களே, அந்த மாதிரி கூட்டத்தில் உரக்கப் படிப்பதற்காக எழுதினது. பிரசுரக்காரர் என்ன செய்கிறார்? ஒரு வரியை மட்டும் பிய்த்து எடுத்துக் கொட்டை எழுத்தில் போடுகிறார். “முழுசா ஒரு தடவை கேட்டுருவோம்ணே” என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம், அவர் வீட்டுத் திண்ணை. மகள் படித்தது. அண்ணி முறுக்குப் பிழிந்துகொண்டே கேட்டார்கள். வெட்டுக்கிளி கட்டத்தில் சின்னப் பையன் எழுந்து உள்ளே ஓடிவிட்டான். பதின்மூன்றாம் அதிகாரம் வந்தது. முத்திரை, 666, எல்லாம் வந்தது. அண்ணன் முகம் இறுகியது. அந்தப் பெண் நிறுத்தவில்லை. பதினாலாம் அதிகாரத்தின் முதல் வரியைப் படித்தது. ஆட்டுக்குட்டியானவரோடு மலையில் நிற்கிற லட்சத்து நாற்பத்து நாலாயிரம் பேர் நெற்றியிலும் பெயர் எழுதியிருக்கிறது.

“நில்லு. திரும்பப் படி” என்றார் அண்ணன்.

திரும்பப் படித்தது.

“ஏழாம் அதிகாரத்துலயும் இவங்களுக்கு நெத்தியில முத்திரை போட்டாங்கல்ல? அப்ப ஆண்டவரும் நெத்தியிலதான் போடுறாரா?”

“ஆமாப்பா.”

“அப்ப... அது நம்பரா இருந்தா இதுவும் நம்பரால்ல இருக்கணும்?”

நான் வாயைத் திறக்கவே இல்லை. அவர் என் நெற்றியைப் பார்த்தார். திருமயத்தில் ஒரே பாறையைக் குடைந்து சிவனும் பெருமாளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். இரண்டு கோயில்காரர்களுக்கும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சண்டை தீர்த்துவைத்த கல்வெட்டும் அங்கே உண்டு. அந்தக் கூட்டத்தில் யார் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பட்டையா, நாமமா? நெற்றியே சொல்லிவிடும். நெற்றியில் இருப்பது, நீ யாருடைய ஆள் என்பதற்கு அடையாளம். இந்த நாட்டில் பிறந்தவனுக்கு இதற்குக் கோனார் நோட்ஸ் தேவையா?

“தம்பி, ஆதாரை வாங்கறப்ப நான் யாரையும் கும்பிடலையே?” என்றார் மெதுவாக.

“கியூவுல நின்னீங்க. அவ்வளவுதான்.”

அவரைத் தனியாகச் சொல்வானேன்? 2018-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஆதார் வழக்கு நடந்தபோது, இதே முத்திரைப் பயத்தைச் சொல்லி ஒருவர் வக்கீல் வைத்து வாதாடினார். அதற்கு முன்னால் சோப்பு டப்பாவில் இருக்கும் பார்கோடுதான் முத்திரை என்றார்கள். அப்புறம் கிரெடிட் கார்டு. 2021-ல் கொரோனா தடுப்பூசி. மிருகம் ஒன்றுதான், முத்திரை மட்டும் புதுசு புதுசாக வருகிறது.

வருஷம் குறிப்பதும் புதிதல்ல. 1875 வாக்கில் திருவிதாங்கூரில் வித்வான் குட்டி என்கிற ஜஸ்டஸ் ஜோசப் தலைமையில் பெரிய எழுப்புதல். பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான பெரிய படிப்பாளி, பாட்டு கட்டுகிறவர். ஆறு வருஷத்தில், 1881-ல், ஆண்டவர் வருகை என்று குறித்தார்கள். 1881 வந்தது, போனது. அவர்கள் கலைந்துவிடவில்லை. ‘யூயோமயம்’ என்று தனிச் சபையாக நடந்தார்கள். தென்கொரியாவில் ஒரு போதகர் 1992 அக்டோபர் 28 என்று நாள் குறித்தார். ஜனங்கள் வேலையை விட்டார்கள், வீட்டை விற்றார்கள். போலீஸ் அவரைப் பிடித்துப் பார்த்தால், அந்த நாளுக்கு அப்புறம் முதிர்ச்சி அடைகிற பாண்டுகள் வாங்கி வைத்திருக்கிறார்! இதைக் கேட்டு அண்ணன் சிரித்தது தெருக்கோடி வரை கேட்டது. பிரசுரம் கொடுத்தவருக்கு ரெக்கரிங் டெபாசிட் இருக்கிறதா என்று விசாரிக்கப் போவதாகச் சொன்னார். நாளும் நாழிகையும் யாருக்கும் தெரியாது என்று இயேசுவே சொன்னதாக மத்தேயுவில் இருக்கிறது என்பதை எனக்கு எடுத்துச் சொன்னவரும் அவர்தான்.

ஆனால் ‘அப்படின்னா இது வெறும் பழங்கதைதானே’ என்று அவர் விட்டுவிடவில்லை. எனக்கும் விட மனசில்லை. தெற்கே 1841-ல் எழுதின ‘அகிலத்திரட்டு அம்மானை’யை நினைத்துப் பாருங்கள். திருவிதாங்கூர் ராஜா அதில் கலிநீசன். வெள்ளைக்காரன் வெண்ணீசன். பனை ஏறும் ஏணிக்குக்கூட வரி கட்டியவர்கள், மேல்துண்டு போடக்கூடாது என்று விரட்டப்பட்டவர்கள் கூடி உட்கார்ந்து கேட்ட நூல். அய்யா வைகுண்டரை ராஜா திருவனந்தபுரத்தில் சிறையில் வைத்துப் பார்த்தார். கலி அழியும், தர்மயுகம் வரும் என்று கேட்டவனுக்கு அது காலண்டர் இல்லை. நாளைக் காலையில் எழுந்து நிமிர்ந்து நடக்கத் தெம்பு. அந்த ஏழு ஊர்க்காரர்களுக்கும் அதுதான் தேவையாக இருந்திருக்கும். ‘அபோகலிப்ஸ்’ என்ற கிரேக்க வார்த்தைக்கே பிரளயம் என்று அர்த்தமில்லை. மூடி இருந்ததைத் திறந்து காட்டுவது. தமிழில் பெயர் வைத்தவர்கள் அதைச் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். நாம்தான் வெளிப்படுத்தினதை மறுபடி மூடிவிட்டோம்.

விண்ணப்பம் கடைசித் தேதிக்கு முந்தின நாள் போயிற்று. பெண் இப்போது பி.ஏ. சரித்திரம். கணக்கை மூடுகிற பேச்சு அப்புறம் எழவில்லை. பிரசுரத்தை மட்டும் அண்ணன் கிழித்துப் போடவில்லை, பைபிளுக்குள்ளேயே வைத்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வெட்டுக்கிளிகள் யார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அதை அவரும் கேட்பதில்லை.

போன மாசம் பஸ்ஸில் அவர் பதினெட்டாம் அதிகாரத்தைத் திறந்து வைத்திருந்தார். மாநகரம் எரிகிறது, சரக்கு வாங்க இனி ஆளில்லையே என்று வியாபாரிகள் கரையில் நின்று அழுகிற இடம். யோவான் ஒரு சரக்குப் பட்டியலே போட்டிருப்பார். பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், லவங்கப்பட்டை என்று நீளும். “பாதிச் சரக்கு நம்ம பக்கத்துதுண்ணே” என்றேன், கருக்காக்குறிச்சி நினைப்பில்.

“அது கிடக்கட்டும். இரும்புக் கடையில ஸ்டாக் எழுதறப்ப, விலை கூடினது மேல, குறைஞ்சது கீழ. இவரும் அப்படித்தான் எழுதியிருக்கார். கீழ வாங்க. கோதுமை, மாடு, ஆடு, குதிரை, வண்டி... அதுக்கும் கீழ என்ன இருக்கு பாருங்க.”

பார்த்தேன். மனுஷ உடம்பு, மனுஷ உயிர். அடிமைகள்.

அவருடைய மச்சினன் மகன் வளைகுடாவுக்குப் போக ஏஜென்ட்டிடம் ஒன்றரை லட்சம் கட்டிவிட்டு, ஏழு மாசமாகக் காத்துக்கொண்டிருக்கிறான். பாஸ்போர்ட்டும் ஏஜென்ட் கையில். அண்ணன் இரண்டு ஸ்டாப் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு பைபிளை மூடி மடியில் வைத்துக்கொண்டு, செல்போனை எடுத்து நம்பர் போட்டார்.

“ஹலோ, அரிமளத்துலேர்ந்து பேசறேன். எங்க பையன் பாஸ்போர்ட்டை எப்ப குடுக்கப் போறீங்க?”